அண்ணன் பெயர், தங்கையின் ஆட்டம்

வணக்கம்.

போன வருடம் சாலை விபத்தில் என் அக்கா மகனைப் பறிகொடுத்தோம். கல்லூரி ஃபுட்பால் அணியில் ஆடியவன். அவன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, வருடாவருடம் சுழற்கோப்பைப் போட்டி நடத்தலாம் என்றிருந்தோம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளும் அதில் சேர்ந்து ஆட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள். எனக்குத் தயக்கம். அவர்களுக்குப் படிப்பும் வைத்தியமும்தானே முதலில் வேண்டும்? விளையாட்டு என்று கூட்டிவந்து, மேடையேற்றிக் கைதட்டி, ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிடுவதாகத்தானே எல்லாம் முடிகிறது? உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

நான் உங்கள் அக்கா பக்கம். ஏன் என்று சொல்ல ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் கதைக்குப் போக வேண்டும்.

1944 ஆகஸ்டில், வெடிமருந்து ஏற்றிய போர் விமானம் ஒன்று இங்கிலாந்து வானில் வெடித்துச் சிதறியதில் ஜோசப் கென்னடி ஜூனியர் இறந்தார். வயது 29. பின்னாளில் அதிபரான ஜான் கென்னடியின் அண்ணன். 1946ல் பெற்றோர் அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். பணக்காரக் குடும்பம், போரில் பலியான தலைமகன், அதில் வியப்பில்லை.

அதே வீட்டில் ரோஸ்மேரி என்றொரு மகளும் இருந்தார். அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர். 1941ல், அவருக்கு 23 வயதானபோது, தந்தையின் முடிவுப்படி மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அது பெரும் கேடாக முடிந்தது. பிறகு அவரை விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு, வெளியில் வாயே திறக்கவில்லை. இறந்த மகனுக்கு அறக்கட்டளை, உயிரோடிருந்த மகளுக்கு மௌனம்.

அந்த மௌனத்தைப் பாதியாவது உடைத்தவர் தங்கை யூனிஸ். 1962ல் ஒரு பத்திரிகையில் அக்காவைப் பற்றி எழுதினார். அறுவை சிகிச்சை பற்றி அதில் பேச்சில்லை. பாய்மரப் படகுப் போட்டிகளில் ரோஸ்மேரி தன்னோடு படகில் வருவார், முன்பாயைக் கவனித்துக்கொள்வதில் கெட்டிக்காரி, ஜெயிக்கும் படகில் இருப்பது அவருக்கு அவ்வளவு பிடிக்கும் என்றெல்லாம் எழுதினார். ஜெயிக்கும் படகில்! கைதட்டலை வேண்டி நின்ற பெண்ணாக இல்லாமல், போட்டியில் இறங்கிய ஒருத்தியாக அக்காவைப் பார்த்திருக்கிறார் தங்கை.

அதே வருடம் கோடையில் மேரிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே முகாம் போட்டார். இப்படிப்பட்ட பிள்ளைகளை அன்று பெரும்பாலான கோடை முகாம்களில் சேர்த்துக்கொள்வதில்லை. ஒரு தாய் ஃபோனில் அவரிடம் சொல்லி அழுததுதான் தொடக்கம் என்பார்கள். வந்த பிள்ளைகள் 30க்குக் கொஞ்சம் மேல். துணைக்குப் பள்ளி, கல்லூரி மாணவர்கள். யூனிஸே குளத்தில் இறங்கி நீச்சல் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் பெயரிலிருந்த அறக்கட்டளைப் பணம் பிறகு இப்படிப்பட்ட முகாம்களுக்குப் போனது. 1968 ஜூலை 20 அன்று சிகாகோவில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டி முதன்முதலாக நடந்தபோதும் இதே அறக்கட்டளை பணம் தந்தது. (பலர் இதையும் பாராலிம்பிக்ஸையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கானது, இரண்டும் வேறு.) ஆயிரம் பேர் அளவில் வந்து ஆடினார்கள். பார்க்கத்தான் ஆளில்லை, அந்தப் பெரிய அரங்கம் கிட்டத்தட்ட காலி.

வைத்தியம்தான் முதலில் என்கிறீர்கள். 1997 முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் மைதானங்களிலேயே கண், காது, பல் சோதனைகளை இலவசமாக நடத்துகிறார்கள். கண்ணாடி தேவைப்படுவது யாருக்கும் தெரியாமலே வளர்ந்தவர்கள், பல்வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்கள் என்று எத்தனையோ பேர் அங்கேதான் அகப்பட்டார்கள். மருத்துவமனைக்கு ஒருபோதும் கூட்டிப்போகப்படாத பிள்ளை பந்து விளையாட வந்துவிடுகிறது. அதனால் எது முதலில் என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை.

மேடை, ஃபோட்டோ பற்றிய உங்கள் எரிச்சல் நியாயமானது. நானும் அப்படிப்பட்ட விழாக்களில் நெளிந்திருக்கிறேன். சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து, 50 மீட்டர் ஓடவிட்டு, ஓடிய எல்லோருக்கும் ஒரே மாதிரி மெடல். அதில் விளையாட்டே இல்லை. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் வயது, பால், திறன் பார்த்துப் பிரிவு பிரிக்கிறார்கள். திறனை அளக்க முதலில் ஒரு சுற்று ஆடவைக்கிறார்கள். கடைசிச் சுற்றில் சமமானவர்கள் மோதுவதால் தோற்பவர் உண்மையாகவே தோற்கிறார், ஜெயிப்பவர் உண்மையாகவே ஜெயிக்கிறார்.

உங்கள் அக்கா கேட்பதற்கு 'யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ்' என்று பெயர். ஐவர் ஃபுட்பால் என்றால் களத்தில் குறைபாடு உள்ளவர்கள் மூன்று பேர், இல்லாதவர்கள் இரண்டு பேர். அந்த இருவரும் உதவிக்கு வந்தவர்கள் அல்ல, ஒரே ஜெர்சி போட்ட சக ஆட்டக்காரர்கள். தாங்களே பந்தை வைத்துக்கொண்டு எல்லா கோலையும் போடுவதும் கூடாது. கல்லூரிப் பையன்களுக்கு இதுதான் கஷ்டம். பந்தை விட மனசு வராது.

இந்தியாவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் இருக்கிறது, அவர்களிடம் பேசுங்கள். பக்கத்திலுள்ள சிறப்புப் பள்ளியின் ஆசிரியர்களிடம் அதற்கும் முன்னால் பேசுங்கள். வருடத்துக்கு ஒரு நாள் போட்டி என்பதை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை பயிற்சி வைத்தால் என்ன செலவாகும் என்று கணக்குப் போடுங்கள். பயிற்சியாளர் சம்பளம், பிள்ளைகளைக் கூட்டிவர வேன், ஷூ. மிச்சம் இருந்தால் கோப்பை வாங்கலாம். உங்கள் மருமகனோடு ஆடிய பையன்கள் அந்த ஊரில்தானே இருப்பார்கள்? களத்தில் நிற்க வேண்டிய அந்த இரண்டு பேரை அவர்களிலிருந்தே எடுங்கள்.