லோன்காரர் வரும் நாளில் பிள்ளை எப்படி இருக்கிறது?

கேள்வி: விசுவமடுவில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வறுமை சிறு பிள்ளைகளின் சமூக, மனவெழுச்சி விருத்தியை எப்படிப் பாதிக்கிறது என்று என் டிப்ளோமாவுக்கு ஆய்வு செய்ய விரும்புகிறேன். என்னிடம் 28 பிள்ளைகள். சிலர் எதற்கெடுத்தாலும் அடிக்கிறார்கள், சிலர் வாயே திறப்பதில்லை. வீட்டு வருமானத்தைக் கேட்டு, பிள்ளைகளை ஒப்பிட்டால் போதுமா?

பதில்: அன்புத் தங்கச்சி, போதாது. முதலில், கேட்டால் சரியான பதில் கிடைக்காது. அரசாங்கம் தரும் அஸ்வெசும உதவிப்பணம் வெட்டுப்பட்டுவிடும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதோடு கச்சான் பிடுங்கும் மாதமும் கூலி இல்லாத மாதமும் ஒன்றா? "மாத வருமானம் எவ்வளவு?" என்பது சம்பளக்காரருக்கான கேள்வி. கடைக் கடன் கொப்பியில் எவ்வளவு நிற்கிறது, தோடு அடகில் இருக்கிறதா, போன கிழமை யாராவது இரவுச் சாப்பாட்டை விட்டார்களா, எத்தனை லோன் ஓடுகிறது என்று கேளுங்கள்.

அரசாங்கக் கணக்கையும் கவனமாகக் கையாள வேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்தின் வறுமை 2016இல் 12.7 வீதம், 2019இல் 44.5 வீதம். மூன்று வருடத்தில் ஊர் அவ்வளவுக்கு விழுந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். இடையில், யார் வறியவர் என்று பிரிக்கும் வறுமைக் கோட்டையே மாற்றி வரைந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் தருமபுரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். நாலரை வயதுப் பெடியன், முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகளைத் தள்ளி விழுத்துகிறான் என்று முறைப்பாடு. என் கையில் ஹெல்மெட், கக்கத்தில் ஒரு பைல். படலையில் நான் வாய் திறக்க முதலே, "அம்மா இல்லை" என்றான். தகரக் கதவுக்குக் கீழே அம்மாவின் இரண்டு பாதங்களும் தெரிந்தன. அன்று செவ்வாய்க்கிழமை, லோன் காசு கட்டும் நாள். என்னை வசூலிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு அந்தத் தாய் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னா: "அண்டைக்கு எனக்கு ஆரிலயும் கோவிக்கேலாது அக்கா. பிள்ளையிலதான் பாயுறன்."

நீங்கள் தேடுவது அந்தத் தாயின் வாயிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980களில் கடனில் மூழ்கிய விவசாயக் குடும்பங்களை ரண்ட் கொங்கர் என்ற ஆய்வாளரின் குழு கவனித்தது. காசு முட்டுப்பாடு முதலில் பெற்றோரின் மனதைத் தின்கிறது, அதனால் அவர்கள் பிள்ளையோடு பழகும் விதம் கெடுகிறது, பிறகுதான் பிள்ளை மாறுகிறது என்பது அவர்களின் விளக்கம். வடகரோலினாவில் செரோக்கி பழங்குடியினரின் ஊரில் 1990களில் சூதாட்ட விடுதி திறந்து, இலாபத்தில் குடும்பங்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். ஜேன் கொஸ்டெலோவின் குழு 1993 முதலே அங்கே சற்றுப் பெரிய பிள்ளைகளை அவதானித்து வந்தது. வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைந்தது. பிள்ளையைக் கவனிக்கத் தாய் தகப்பனுக்கு நேரம் கிடைத்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். பதற்றமும் மனச்சோர்வும் அப்படிக் குறையவில்லை. உங்கள் வகுப்பில் அடிக்கிற பிள்ளையையும் வாய் திறக்காத பிள்ளையையும் ஒரே கணக்கில் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, வன்னியில் எல்லாவற்றையும் வறுமையின் தலையில் போட முடியாது. இன்று உங்களிடம் பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாமாரில் பலர், 2009இல் தாங்களே பள்ளிக்கூடப் பிள்ளைகள். முள்ளிவாய்க்காலும் மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரமும் கண்டவர்கள். வடகிழக்கில் 296 தமிழ் மாணவரிடம் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, போரின் அனுபவமும் தகப்பனின் குடியும் வீட்டு வன்முறையோடு சேர்ந்தே வருவதைக் காட்டியது. ஆகவே இவற்றையும் கேட்டுப் பதியாவிட்டால், வறுமை செய்தது எது, போர் செய்தது எது என்று உங்களால் சொல்லவே முடியாது.

28 பிள்ளைகளை வைத்துப் பெரிய சதவீதங்கள் போட வேண்டாம். ஆறேழு பிள்ளைகளை ஒரு தவணை முழுக்கப் பாருங்கள். பிள்ளையின் நடத்தையையும் மனவெழுச்சியையும் பற்றிக் கேட்கும், ரொபர்ட் குட்மன் உருவாக்கிய 25 கேள்விப் படிவம் (SDQ) தமிழிலும் இருக்கிறது, பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பலாம். அது அரிதட்டு மாதிரி, கவனிக்க வேண்டிய பிள்ளையைப் பிரித்துக் காட்டும், நோயைச் சொல்லாது. அதைவிட உங்கள் கொப்பிதான் பெறுமதி. தினமும் ஒரே பத்து நிமிடம்: விளையாட்டுச் சாமானை யாராவது பறித்தால் என்ன செய்கிறது, விழுந்தால் யாரிடம் ஓடுகிறது, காலையில் சாப்பிட்டதா, நேற்று லோன் நாளா. கஷ்டப்பட்ட வீட்டிலிருந்து வந்தும் சிரித்து விளையாடும் பிள்ளையையும் கட்டாயம் எழுதுங்கள். அந்த வீட்டில் ஒரு அம்மம்மா இருக்கக்கூடும்.

நீங்கள் ரீச்சர் என்பதால் அம்மாமார் மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். சம்மதத்தை வேறொருவர் மூலம் கேளுங்கள். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. "கணவர் காணாமல் ஆக்கப்பட்ட, ஆடு வளர்க்கும், மூன்று பிள்ளைகளின் தாய்" என்று எழுதினால் விசுவமடு முழுக்க ஆளைத் தெரிந்துவிடும். ஒரு பிள்ளைக்கு உதவி தேவை என்று பட்டால் ஆய்வு முடியும்வரை பார்த்திருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள்.

வீடுகளுக்குப் போகும்போது பைலைக் கொண்டுபோகாதீர்கள். கேள்விகளை முதலில் அயலில் உள்ள இரண்டு அம்மாமாரிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கேள்வியில் அவர்கள் முகம் மாறுகிறதோ, அதை எனக்கு எழுதி அனுப்புங்கள். சேர்ந்து திருத்துவோம்.