கண் இருக்கும் துண்டுதான் முளைக்கும்

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் ஒரு சிவப்பு லில்லிச் சாடி உண்டு. மார்ச்சில் ஒரே தண்டில் நான்கு பூக்கள் பூத்தன. அதை எப்படிப் பெருக்குவது? யாழ்ப்பாணத்திலிருந்து மாமி கொண்டுவந்த கார்த்திகைப்பூக் கிழங்கு பஸ்ஸில் இரண்டாக முறிந்துவிட்டது. இரண்டு துண்டையும் நட்டேன். ஒன்று முளைத்தது, மற்றது அழுகிப்போனது. விடுமுறைக்கு வரும் மகள், கனடாவிலிருந்து டியூலிப் கிழங்கு கொண்டுவரவா என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

பதில்: முறிந்த கிழங்கிலிருந்தே தொடங்குகிறேன். லில்லிக்கான விடையும் பாதி அதற்குள்தான் கிடக்கிறது.

கார்த்திகைப்பூக் கிழங்கு இரண்டு கைகளாக வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்று பெயர் வந்ததே அதனால்தான். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை இருக்கும். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். ஒன்று போனால் இன்னொன்று முளைக்கும். இதற்கு அந்த வசதி இல்லை. முழங்கை போன்ற மடிப்பில் முறிந்தால் கவலையே வேண்டாம், உங்களுக்கு இரண்டு செடிகள். நுனி நசுங்கினால் அந்தக் கை வெறும் மாப்பை, எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினாலும் முளைக்காது. பஸ்ஸில் அடிபட்டு வந்த கிழங்கு என்பதால், உங்களிடம் அழுகிய துண்டின் நுனி அப்படித்தான் நசுங்கிப் போயிருக்கும். அடுத்த முறை மாமியிடம், மரத்தூளிலோ உமியிலோ புதைத்து ஒரு டப்பாவில் கொண்டுவரச் சொல்லுங்கள். முறிந்த வாயை இரண்டு மூன்று நாள் நிழலில் கடதாசி மேல் காயவிட்டு, கிழங்கைப் படுக்கையாக, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் நடுங்கள். இலை நுனியே சுருண்டு கொடி பிடிக்கும் செடி இது. பல்கனிக் கம்பி போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தக் கிழங்கில் கொல்கிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. வற்றாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். மரக்கறிக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; தொட்ட கையைக் கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி லில்லி. கடைக்காரர் அமரில்லிஸ் என்றிருப்பார். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது தென்னமெரிக்காவின் ஹிப்பியாஸ்ட்ரம். இதன் குமிழ் எப்படி வேலை செய்கிறது என்று அறிய சமையலறைக்குப் போனால் போதும். ஒரு வெங்காயத்தை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வேர் தொங்கும் அடியில் ஒரு சிறு தட்டு இருக்கும். சமைக்கும்போது நாம் வெட்டி எறியும் துண்டு. அதுதான் இந்தச் செடியின் தண்டு. மேலே அடுக்கடுக்காக இருப்பவை உணவு சேமித்த இலைகள். தட்டை வெட்டிவிட்டால் அடுக்குகள் கழன்று விழும், ஒன்றும் முளைக்காது. தட்டின் ஒரு சிறு துண்டாவது ஒட்டியிருந்தால், இரண்டு அடுக்குகளின் இடுக்கில் புதுக் குமிழ் பிறக்கும்.

பெருக்குகிறவர்கள் செய்வது இதைத்தான். பெரிய குமிழைக் கேக் வெட்டுவதுபோல மேலிருந்து கீழாக 8 துண்டுகளாக்குவார்கள். ஒவ்வொன்றிலும் தட்டின் பங்கு இருக்க வேண்டும். கத்தியை முதலில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். துண்டுகளைப் பங்கசு கொல்லியில் நனைத்து, வடியவிட்டு, ஈரப்பதமான தும்புத்தூளோடு பொலித்தீன் பையில் கட்டி, இருட்டில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் கடலைப் பருப்பு அளவில் குட்டிகள் தென்படும். ஈரப்பதம் என்றால், கையில் இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு மே மாதம், மழை தொடங்கிய வாரத்தில், 16 துண்டுகளைச் சொதசொதத்த தும்பில் வைத்தேன். மூன்றாம் வாரம் பையைத் திறந்தபோது வந்த அழுகல் வெங்காய நாற்றத்தில் வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. கொழும்பில் கிழங்கைக் கொல்வது வெயில் அல்ல, ஈரம். வெட்டுவதென்றால் மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் வெட்டுங்கள்.

ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே குமிழ். அதை வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன். வெட்டினால் அதன் பூவும் போகும், குட்டிகள் பூக்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். பொறுத்திருங்கள், தாய்க் குமிழே பக்கத்தில் குட்டி போடும். குட்டிக்குச் சொந்தமாக வேர் வந்த பிறகு தட்டோடு பிரித்து எடுங்கள். மண், ஆற்று மணல், தும்புத்தூள் சம பங்காகக் கலந்து, குமிழின் கழுத்து வெளியே தெரிய நடுங்கள். பூத்து முடிந்தது என்று இலையை வெட்டாதீர்கள். அடுத்த பூவுக்கான சாப்பாட்டை அதுதான் சமைக்கிறது. சாடிக்குக் கீழே தட்டு வைக்கவே வேண்டாம். வேர் அழுகுவது ஒருபுறம், அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவைத் தட்டினால் லில்லியைக் காட்டித் தப்ப முடியாது.

டியூலிப்பா? வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு 12 முதல் 16 வாரம் 9 பாகைக்குக் கீழான குளிர் வேண்டும். கொழும்பில் இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒருமுறை பூக்க வைக்கலாம். அதே பெட்டியில் ஆப்பிள் இருந்தால் அது விடும் எத்திலீன் வாயுவில் உள்ளே இருக்கும் மொட்டு கருகும். பூத்தாலும் அடுத்த வருடம் மீண்டும் பூக்காது. போதாததற்கு, நடுகைப் பொருள் எதையும் நாட்டுக்குள் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே கிழங்கை இழக்க நேரும். மகளின் பெட்டியில் இடம் இருந்தால் மேப்பிள் பாணி கொண்டுவரட்டும்.