துருக்கி மொழியில் வழி கேட்கவும் இடம் சொல்லவும் எப்படிக் கற்றுக்கொள்வது? மொபைலில் வரைபடம் இருந்தால் போதாதா?

போதும், சார்ஜ் இருக்கும்வரை.

நீங்கள் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, விமானம் ஏறுவதற்குள் நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்துவிடலாம் என்று நினைப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னியுங்கள். நான் அப்படித்தான் போனேன்.

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் எனக்கு. 2018-இல் துணி பார்ப்பதற்காக முதல்முறை போனபோது லாலெலியில் அறை எடுத்திருந்தேன். 'நெரெதெ' என்றால் எங்கே. இடத்தின் பெயரைச் சொல்லி, பின்னால் ஒரு 'நெரெதெ' போட்டால் கேள்வி தயார். மூன்று நாள் இதை வைத்தே ஊரைச் சுற்றினேன். கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலும் துருக்கி மொழியில்தான் வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நான்காம் நாள் இரவு உஸ்குதாரில் ஒரு வியாபாரி வீட்டில் விருந்து. கொண்டுவந்து விடுகிறேன் என்றவரிடம் "வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன்" என்று வீரம் பேசிவிட்டு இறங்கினேன். சரிவில் பாதி வருவதற்குள் மொபைல் அணைந்துவிட்டது. சிர்கெஜி போய்விட்டால் அங்கிருந்து டிராமில் லாலெலி போய்விடலாம். தெருமுனையில் கஷ்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: "சிர்கெஜி நெரெதெ?"

"கர்ஷுதா" என்றார்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்தச் சொல் எனக்குத் தெரியும். 'கர்ஷு' என்றால் எதிர்ப்பக்கம், 'தா' என்றால் இல். எதிரில். சாலையைக் கடந்தேன். அங்கே ஒரு டாக்சிக்காரரிடம் கேட்டேன். "கர்ஷுதா." திரும்பக் கடந்தேன். கஷ்கொட்டைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். அடுமனைப் பையனிடம் கேட்டேன். அவனும் அதே சொல்லைச் சொல்லிக் கையையும் நீட்டினான். அது சாலையின் மறுபக்கத்தைத் தாண்டி எங்கோ நீண்டது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மூன்றாம் முறையும் கடந்தேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, "ஓலும்" (மகனே) என்று கூப்பிட்டு, முழங்கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கடலைக் காட்டினார். தண்ணீருக்கு அப்பால் விளக்குகள். "கர்ஷு!" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

இஸ்தான்புல்காரர்கள் கர்ஷு என்று சும்மா சொன்னால் பெரும்பாலும் அது ஊரை இரண்டாகப் பிரிக்கும் பாஸ்பரஸ் நீரிணையின் மறுகரை, வேறு கண்டம். உஸ்குதார் ஆசியாவில், சிர்கெஜி ஐரோப்பாவில். நம் 'அக்கரை'தான் அது. இஸ்மிர் நகரத்தில் எதிர்க்கரையிலிருக்கும் பகுதிக்குப் பெயரே கர்ஷுயாகா. நான் ஐரோப்பாவைத் தேடி ஒரு தார்ச்சாலையை மூன்றுமுறை கடந்திருக்கிறேன்.

அக்கரைக்கு எப்படிப் போவது? "மர்மராய்" என்றார். 2013-இல் திறந்த, கடலுக்கடியில் போகும் ரயில். நான் விடவில்லை: "மர்மராய் நெரெதெ?"

"அர்காந்தா."

அர்கா என்றால் பின்பக்கம், நடுவிலுள்ள ன் 'உன்', தா 'இல்'. உன் முதுகுக்குப் பின்னால். திரும்பினேன். மர்மராய்ப் பலகை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழியில் இடம் சொல்லும் விஷயம் பாதி தெரிந்த மாதிரிதான். எவ் என்றால் வீடு. எவ்தெ வீட்டில், எவெ வீட்டுக்கு, எவ்தென் வீட்டிலிருந்து. கேள்வியும் அப்படியே: நெரெதெ எங்கே, நெரெயெ எங்கே போக, நெரெதென் எங்கிருந்து. முன்னிடைச்சொல் கிடையாது, எல்லாம் பின்னால் ஒட்டும். ஒரே சங்கடம், சொல்லின் கடைசி உயிரைப் பார்த்து ஒட்டு தன் உயிரை மாற்றிக்கொள்ளும். ஒகுல் (பள்ளி) ஒகுல்தெ ஆகாது, ஒகுல்தா ஆகும். கர்ஷுவின் கடைசி ஒலி ஏறக்குறைய நம் குற்றியலுகரம். 'பாட்டு' என்பதன் கடைசி உகரத்தைச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். மற்ற ஒலிகளைத் தமிழ் எழுத்து சற்றுக் கோணலாகத்தான் காட்டும், காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

'மசூதியின் பின்னால்' என்பது 'ஜாமினின் அர்காசுந்தா'. இன் கூட அப்படியே இருக்கிறதே என்று நான் துள்ளினேன். ஆனால் அவர்கள் பின்பக்கத்திலும் ஒரு 'அதன்' சேர்ப்பார்கள்: மசூதியின் அதன்-பின்பக்கத்தில். இதை விட்டுவிட்டாலும் புரிந்துகொள்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

உடனே யாராவது வந்து, தமிழிலிருந்துதான் துருக்கி மொழி பிறந்தது என்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை ஐயா. மொழியியல் படித்தவர்களும் கம்பைத் தூக்க வேண்டாம். இரண்டும் ஒட்டுநிலை மொழிகள், எனக்குப் படிக்கச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழையா பிரம்பை வைத்துக்கொண்டு 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ஓதவைத்தது அன்று எனக்கு உதவியது. தமிழ் வழியில் படித்தவன் வெளிநாட்டில் என்ன செய்வான் என்று கேட்ட உறவினர்கள் உண்டு, பெயர் சொல்லமாட்டேன். என் மகன் படித்த பள்ளியில் மதிப்பெண் அள்ளலாம் என்று பிரெஞ்சு எடுக்கச் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். இப்போது அவனுக்கு வேற்றுமை உருபும் தெரியாது, பிரெஞ்சில் தண்ணீர் கேட்கவும் வராது. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, வயிற்றெரிச்சல்.

வழி சொல்பவர்கள் வாயில் அதிகம் வருவன: சா (வலது), சொல் (இடது), தும்துஸ் (நேராக, இம்மிகூடத் திரும்பாமல்). சாஆ தொன், வலப்பக்கம் திரும்பு. சொலா தொன், இடப்பக்கம் திரும்பு. மரியாதைக்குத் தொனுன். 'சா ஒல்' என்று வேகமாகச் சொன்னால் வலதுமில்லை இடதுமில்லை, அது நன்றி. ஆண்களை 'ஆபி' (அண்ணா), பெண்களை 'ஆப்லா' (அக்கா) என்று கூப்பிட்டுக் கேளுங்கள். நம் ஊர் மாதிரியே முகம் மாறும்.

தொல்முஷ் எனப்படும் பங்கு வண்டியில் ஏறினால் இறங்குவதற்கு ஒரு மந்திரம் உண்டு: "முசாயித் பிர் யெர்தெ." வசதியான ஓர் இடத்தில். கடைசியில் அதே தெ. இதை வண்டி முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டும். நான் கூச்சப்பட்டு, யாராவது இறங்கட்டும் என்று காத்திருந்து, ஒன்றரை கிலோமீட்டர் நடந்து திரும்பியிருக்கிறேன்.