ஓய்வுபெற்ற படைவீரரான அப்பாவுக்கு மனச்சோர்வு மாத்திரை தரலாமா?

வணக்கம். அல்சூரில் உங்களுடன் வசிக்கும், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அப்பா, எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரைகளைத் தவறாமல் எடுத்தும் உறக்கமும் பேச்சும் இழந்திருக்கிறார் என்றும், மனச்சோர்வு மருந்து ஏஆர்டியைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அந்த அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். எச்ஐவி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் மனச்சோர்வு சிகிச்சை அடிப்படையில் ஒன்றே. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை இருவருக்கும் தரப்படுகின்றன. ஆனால் ஏஆர்டி அட்டையை மனநல மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள், ஏனெனில் அந்த ஏஆர்டி மருந்துகளில் ரிட்டோனவிர் இருந்தால் சில மருந்துகளின் அளவை மாற்ற நேரிடும், எஃபாவிரென்ஸ் மனச்சோர்வையே தூண்டக்கூடும், டோலுடெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை வேண்டவே வேண்டாம். அது ஏஆர்டியின் வீரியத்தைக் குறைக்கும்.

என் தாய்மாமாவும் பட்டாளத்துக்காரர்தான். தினமும் மடிப்புக் கலையாமல் சட்டைக்கு இஸ்திரி போட்டவர், அத்தை இறந்தபின் கசங்கிய லுங்கியோடு வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அதை முதுமை என்று நினைத்து நாங்கள் எட்டு மாதங்களை வீணாக்கினோம். மருந்து தொடங்கிய ஐந்தாவது வாரம் அவரே இஸ்திரிப் பெட்டியைத் தேடினார். பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால், இடையில் நிறுத்த விடாதீர்கள்.

நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் பெங்களூருவிலேயே உள்ளது. வெளியே தெரிந்துவிடும் என்று அப்பா தயங்கினால், அவருடைய ஒப்புதலின்றி எச்ஐவி நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது என்று சொல்லுங்கள். சாவைப் பற்றி அவர் பேசினால் தனியே விடாமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.