சில்லுக்குள் புற்றுசெல்லும் ஃபைப்ரோபிளாஸ்டும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

மைக்ரோஃப்ளூயிடிக் சில்லு என்றால் கைக்கு அடக்கமான, கண்ணாடி போன்ற ஒரு துண்டு. உள்ளே மயிரிழை அளவுக்குக் கால்வாய்கள் ஓடும். அதில் புற்றுசெல்லையும் ஃபைப்ரோபிளாஸ்டையும் (திசுவில் நாரை உருவாக்கும் செல்) பக்கத்தில் பக்கத்தில் குடிவைத்து வேடிக்கை பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில்.

முதுகலை மாணவி: அக்கா, ரெண்டு செல்லையும் ஒரே தட்டில் போட்டு வளர்த்தால் ஆகாதா? சில்லு எதுக்கு?

வளர்க்கலாம். ஆனால் புற்றுசெல் மாறியது ஃபைப்ரோபிளாஸ்ட் சுரந்த பொருளாலா, உடம்போடு உடம்பு உரசியதாலா என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடுவில் 0.4 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வை வைத்துப் பிரித்தால் சுரப்பை மட்டும் தனியாகப் பார்க்கலாம். அப்போது தொடுதல் போய்விடும், செல்கள் மேலும் கீழுமாக இருப்பதால் நடுவில் நடப்பதும் கண்ணில் படாது. சில்லில் தூரத்தை நாம் வைக்கிறோம். எனக்கு இதுதான் முக்கியம்.

2011-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் பீபி குழு செய்ததைத்தான் எல்லா மாணவர்களுக்கும் முதலில் காட்டுவேன். பால்குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் ஆரம்பநிலை மார்பகப் புற்றின் செல்கள் ஒரு பக்கம், மார்பக ஃபைப்ரோபிளாஸ்ட் மறு பக்கம், சுற்றிலும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் கலந்த ஜெல். தனியாக விட்டால் புற்றுசெல்கள் உருண்டை உருண்டையாகச் சமர்த்தாக இருந்தன. ஃபைப்ரோபிளாஸ்ட் எட்ட இருந்தபோது உருவம் குலையத் தொடங்கியது. அது ஃபைப்ரோபிளாஸ்ட் சுரந்து கரைந்து வந்த பொருள்களின் வேலை. முழுசாக ஊடுருவ வேண்டுமென்றால் செல்லைச் செல் தொட வேண்டியிருந்தது. முதலில் பேச்சு, பிறகு தொடுகை என இரண்டு படிகள். தட்டில் இது ஒன்றாகக் குழம்பியிருக்கும்.

பள்ளி ஆசிரியர்: ஃபைப்ரோபிளாஸ்ட் காயத்தை ஆற்றும் செல் என்று பாடம் நடத்துகிறேன். அது எப்படிப் புற்றுக்குத் துணை போகும்?

சரியாகத்தான் நடத்துகிறீர்கள், சார். புற்றுக்கட்டியை ஆறாத காயம் என்று ஹெரால்டு ட்வோராக் 1986-லேயே எழுதினார். காயத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் வந்து கொலாஜனை இழுத்துக் கட்டிவிட்டு ஓய்ந்துவிடும். கட்டியில் டிஜிஎஃப் பீட்டா போன்ற சமிக்ஞை வந்துகொண்டே இருப்பதால் ஓய்வதில்லை. 2007-இல் லண்டனில் எரிக் சஹாய் குழு கண்டது இன்னும் வியப்பு: ஃபைப்ரோபிளாஸ்ட் முன்னால் போய் ஜெல்லில் தடம் வெட்ட, புற்றுசெல்கள் அதன் வழியே வரிசையாகப் போயின. ஃபைப்ரோபிளாஸ்டை அகற்றிய பிறகும் அந்தத் தடமே போதுமானதாக இருந்தது.

ஆராய்ச்சி மாணவர்: மேடம், ஜெல் ஊற்றும்போது பக்கத்துக் கால்வாயில் வழிந்துவிடுகிறது. மூன்று மாதமாக இதே பாடு.

தம்பி, சில்லைப் பிளாஸ்மாவில் (மின்னூட்டிய வாயுவில்) ஒட்டிய கையோடு ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிளாஸ்மா பட்ட பிடிஎம்எஸ் (சில்லு வார்க்கும் சிலிகோன் ரப்பர்) தண்ணீரை இழுக்கும், அதனால் கால்வாய்களைப் பிரிக்கும் குட்டித் தூண்களுக்கு நடுவே ஜெல் நிற்காது. ஒட்டியபின் 80 டிகிரி அடுப்பில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். மேற்பரப்பு மறுபடி தண்ணீரை ஒதுக்கும், தூணுக்குத் தூண் ஜெல் வளைந்து நிற்கும்.

கொலாஜன், பிப்பெட் முனை எல்லாமே பனிக்கட்டி மேல் இருக்கட்டும். காரம் சேர்த்ததும் நிறத்தைப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் இன்னும் அமிலம், லேசான இளஞ்சிவப்பு வந்தால் சரி. பிப்பெட்டை மெதுவாக அழுத்தி, கடைசிச் சொட்டு வரும்முன் நிறுத்துங்கள். கடைசிவரை அழுத்தினால் குமிழி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே வராது. 37 டிகிரியில் உறையும்போது சில்லைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள், இல்லையென்றால் செல்லெல்லாம் அடியில் தங்கிவிடும்.

இன்னொன்று. உள்ளே இருக்கும் திரவம் சில பத்து மைக்ரோலிட்டர்தான், சீக்கிரம் வற்றிவிடும். முதல் வருடம் நான் ஈரத்துணி வைக்காமல் ஒரு சனி, ஞாயிறு விட்டுப்போனேன். திங்கட்கிழமை கால்வாய் ஓரத்தில் உப்புப் படிந்திருந்தது, ஒரு செல்கூட உயிரோடு இல்லை. நோயாளி தந்த திசுவிலிருந்து எடுத்த செல்கள் அவை. மூடிய டப்பாவில் நனைத்த டிஷ்யூ காகிதம் இல்லாமல் இன்றுவரை நான் சில்லை வைப்பதில்லை.

நான்காம், ஐந்தாம் நாள் ஜெல் தூணைவிட்டுப் பிரிந்தால் ஃபைப்ரோபிளாஸ்ட் இழுக்கிறது என்று அர்த்தம். கால்வாயில் முதலில் பாலிலைசின் (ஜெல்லைச் சுவரோடு பிடித்துவைக்கும் பூச்சு) பூசிக் காயவையுங்கள், செல் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

சிறு கல்லூரி விரிவுரையாளர்: தூசியை வடிகட்டிய சுத்த அறை இல்லாத இடத்தில் சில்லு செய்ய முடியுமா?

முடியும். எஸ்யூ-8 என்ற, ஒளிபட்டு இறுகும் பிசினில் செய்யும் அச்சை மட்டும் வசதி உள்ள இடத்தில் செய்து வாங்குங்கள். பிடிஎம்எஸ் பத்துக்கு இறுக்கும் பொருள் ஒன்று எனக் கலந்து, காற்றுக்குமிழியை உறிஞ்சி வெளியேற்றி, அடுப்பில் சூடாக்கி உரிப்பதை எங்கேயும் செய்யலாம். ஒரே அச்சில் நிறைய வார்க்கலாம்.

மருந்தியல் மாணவர்: சில்லில் மருந்து கொடுத்துப் பார்த்த முடிவை நம்பலாமா?

மருந்தைப் பொறுத்தது. பிடிஎம்எஸ் எண்ணெய்ச் சார்பான சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிவிடும். செல் சாகாததற்கு மருந்து வந்து சேராததே காரணமாக இருக்கலாம். வெளியேறும் திரவத்தில் மருந்து எவ்வளவு என்று அளந்துவிட்டுப் பேசுங்கள், அல்லது வேறு பிளாஸ்டிக்குக்கு மாறுங்கள். புற்றுசெல் மட்டும், ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்றையும் ஒரே நாளில் ஓட்டவும் மறக்காதீர்கள்.

ஒரு மகள்: அம்மாவுக்குக் கணையப் புற்று. கட்டியைச் சுற்றி நார்தான் அதிகம் என்கிறார்கள். அந்த ஃபைப்ரோபிளாஸ்டை அழித்துவிட்டால் என்ன?

இதே எண்ணத்தில்தான் பெரிய முயற்சி நடந்தது, அம்மா. 2009-இல் எலிகளில் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையைத் தடுத்தபோது நார்ச்சூழல் தளர்ந்து மருந்து கூடுதலாக உள்ளே போனது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. ஆனால் அவ்வகை மருந்தின் மனிதச் சோதனை ஒன்றை 2012-இல் நிறுத்த வேண்டியதாயிற்று, மருந்து பெற்றவர்களின் நிலை மோசமாக இருந்ததால். 2014-இல் எலிகளில் ஃபைப்ரோபிளாஸ்டையே ஒழித்துப் பார்த்தார்கள். கட்டி இன்னும் மூர்க்கமானது. சில ஃபைப்ரோபிளாஸ்ட் கட்டியை அணைகட்டியும் வைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெளிவாயிற்று.

2017-இல் டேவிட் டூவசன் குழு காட்டியதில், கணையக் கட்டியில் புற்றுசெல்லை ஒட்டியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் ஒரு வகை, சற்றுத் தள்ளி இருந்து ஐஎல்-6 என்ற அழற்சிச் சமிக்ஞையைச் சுரப்பது வேறு வகை. இங்கும் தூரமே வகையைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் எதைத் தடுப்பது, எதை விட்டுவைப்பது என்று சில்லில் தேடிக்கொண்டிருக்கிறோம். இது இன்னும் சிகிச்சையாகவில்லை என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அம்மாவின் புற்றுநோய் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பிஆர்சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் மருந்துத் தேர்வு மாறக்கூடும். அறிக்கையில் புரியாத வரி இருந்தால் எனக்கு எழுதுங்கள், படித்து விளக்குகிறேன்.