மெர்லின் இன்ஜின்: சூப்பர்சார்ஜரும் இன்டர்கூலரும், கேள்வி பதில்

இன்னைக்கு ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் மட்டும் தான், ரெண்டாம் உலகப் போர்ல ஸ்பிட்ஃபயர் மாதிரி பிரிட்டிஷ் போர் விமானங்கள்ல இருந்த பிஸ்டன் இன்ஜின். ஜெட் கேள்வி கேட்டா பதில் கிடையாது.

கே: அண்ணே, மேல போனா பவர் குறையும்னு தெரியும், எவ்ளோ குறையும்?

18,000 அடில காத்தழுத்தம் தரையில இருக்குறதுல பாதி தான், 30,000 அடில வெறும் 30 சதவீதம். சூப்பர்சார்ஜர் (இன்ஜின் பவர்லயே சுத்தி, காத்த அமுக்கி உள்ள தள்ளுற பம்ப்) இல்லாத இன்ஜின் 18,000ல பாதி பவர் குடுத்தாலே பெருசு.

கே: ஒரு சார்ட்ல மெர்லின் பவர் உயரம் ஏற ஏற கூடுது, அப்புறம் எறங்குது, மறுபடி ஏறுது. பிரிண்ட் தப்பா?

தப்பு இல்ல தம்பி. கீழ இருக்கும்போது சூப்பர்சார்ஜர் தேவைக்கு மேல அமுக்கும், அப்படியே உள்ள விட்டா டெட்டனேஷன் (எரிபொருள் கலவை தானா படார்னு வெடிக்கிறது, நாக்கிங்னும் சொல்வாங்க) வந்து பிஸ்டன் போயிரும், அதனால பூஸ்ட் கன்ட்ரோல்னு அழுத்தத்த அளவுல வைக்கிற கருவி, காத்து உள்ள போற வாசலான த்ராட்டில தானாவே பாதி மூடி வச்சிருக்கும். அதாவது இன்ஜினோட சொந்த பவர எடுத்து காத்த அமுக்கிக்கிட்டே இன்னொரு கையால வாசல அடைக்கிறோம், சுத்த வேஸ்ட். ஏற ஏற த்ராட்டில் தொறக்கும், வெளிக்காத்து குளிரும், எக்ஸாஸ்டுக்கு எதிர் அழுத்தம் குறையும், பவர் கூடும். முழுசா தொறந்த எடம் தான் ஃபுல் த்ராட்டில் ஹைட், அதுக்கு மேல சரிவு தான். மெர்லின் 20ல சூப்பர்சார்ஜருக்கு ரெண்டு கியர் வச்சாங்க, பெரிய கியருக்கு மாத்தினா அது இன்னும் வேகமா சுத்தும், அதான் ரெண்டாவது ஏத்தம்.

கே: 30,000 அடில மைனஸ் 44 டிகிரி குளிருதே, அங்க அமுக்கின காத்த குளிர வைக்க இன்டர்கூலர்னு ஒரு கூலர் எதுக்கு சார்?

இந்தக் கேள்விக்குத் தான் காத்திருந்தேன். சைக்கிள் பம்ப வேகமா அடிச்சா அடிப்பக்கம் சுடும்ல, அதே கதை. அந்த ஒசரத்துக் காத்த 6 மடங்கு அமுக்கணும்னு வைங்க, கம்ப்ரசர் எஃபிஷியன்சி 70 சதவீதம்னா கணக்குப்படி வெளிய வர்ற காத்து 175 டிகிரி கிட்ட இருக்கும். பெட்ரோல் ஆவியாகி ஒரு 25 டிகிரி குறைக்கும், அது பத்தாது. சூடான காத்து விரிஞ்சு கெடக்கும், சிலிண்டருக்குள்ள போற எடை கம்மி, நாக்கிங் வேற சீக்கிரம் வரும். அதே அழுத்தத்துல 175ஐ 75 ஆக்கினா எடை கிட்டத்தட்ட 29 சதவீதம் கூடும், சும்மா கெடைச்ச மாதிரி. 1942ல ஸ்பிட்ஃபயர் 9ல வந்த மெர்லின் 61 இத தான் செஞ்சுச்சு: ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ரெண்டு இம்பெல்லர் (காத்த அமுக்குற சுழல் சக்கரம்), ரெண்டு கியர், சிலிண்டருக்கு முன்னாடி தண்ணி ஓடுற கூலர், அதுக்குத் தனி ரேடியேட்டர். ஒரே இம்பெல்லர் இருந்த மெர்லின் 45ஐ விட 30,000 அடில சுமார் 300 குதிரைத்திறன் அதிகம். இந்த சூப்பர்சார்ஜர் வேலைல பெரிய கை ஸ்டான்லி ஹூக்கரோடது, 1938ல கம்பெனில சேர்ந்தப்போ அவரு இன்ஜின் ஆளே இல்ல, கணக்குப் படிச்சவரு.

கே: ஜெர்மன்காரனோட மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானத்துல இன்டர்கூலர் இல்லையே, எப்படி ஈடு குடுத்தான்?

அதுல இருந்த டிபி 605 இன்ஜின் மெர்லின விடப் பெருசு ப்ரோ, 35.7 லிட்டர், மெர்லின் 27 தான். அதனால ரொம்ப அமுக்க வேண்டியதில்ல. கியருக்குப் பதிலா ஆயில் வழியா சுழற்சிய கடத்துற கப்ளிங், இம்பெல்லர் வேகம் உயரத்துக்கு ஏத்த மாதிரி மாறும், எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன். பின்னாடி தண்ணியும் மெத்தனாலும் கலந்து பீச்சினாங்க, ஆனா அது ஃபுல் த்ராட்டில் ஹைட்டுக்குக் கீழ தான் பெருசா உதவும். அதுக்கு மேல நைட்ரஸ் ஆக்சைடு.

கே: அமெரிக்கப் போர் விமானம் பி-47 மாதிரி டர்போ (எக்ஸாஸ்ட் புகையால சுத்துற சூப்பர்சார்ஜர்) போட்டிருக்கலாமே?

எடம் வேணுமே. அதுல டர்போவும் இன்டர்கூலரும் சீட்டுக்குப் பின்னாடி, ஒடம்பு முழுக்க குழாய். ஸ்பிட்ஃபயர்ல எங்க திணிக்கிறது?

கே: பூஸ்ட் மீட்டர்ல ஒரே நம்பர்னா ஒரே பவர் தானே?

இல்ல. மீட்டர் அழுத்தத்த தான் காட்டும், சூட்ட காட்டாது. மெர்லின் 66ல ரெண்டு கியர்லயும் சதுர அங்குலத்துக்கு +18 பவுண்டு தான், சின்ன கியர்ல 1,700 குதிரை சொச்சம், பெரிய கியர்ல 1,600 கிட்ட தான் வரும். பெரிய கியர் காத்த இன்னும் சூடாக்குது, இம்பெல்லர சுத்தவே கூடப் பவரும் தின்னுது.