அழுகைக்கு நான்கு காரணம்: கதை எழுதுவோர் கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒருமுறை கூடிக் கதை வாசிக்கிறோம். சொந்த உணர்ச்சியைக் கதையாக்குவது பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவும் என் பதில்களும்.

கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்: அக்கா, அப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் 'துக்கம் தொண்டையை அடைத்தது' என்றுதான் வருகிறது. எனக்கே ஒட்டவில்லை.

தம்பி, அந்த வரி யார் அப்பாவுக்கும் பொருந்தும். உன் அப்பாவுக்கு மட்டும் பொருந்துவதைத் தேடு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் எங்கள் பலா மரமும் சாய்ந்தது. 'அப்பா உடைந்துபோனார்' என்று பல வருடம் எழுதிப் பார்த்தேன், கதையாகவில்லை. அன்று அவர் செய்தது வேறு. மேலே பெயர்ந்து நின்ற வேரில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தார். அம்மா வைத்த காபியில் அந்த மண் விழுந்தது. அதைக் கவனிக்காமலே குடித்தார். இதை எழுதிய பிறகுதான் மற்ற வரிகள் வந்தன. உன் அப்பாவின் செருப்பு இப்போது எங்கே இருக்கிறது? அங்கிருந்து தொடங்கு.

அலுவலகப் பணியாளர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி: என் அறிக்கையை மேலாளர் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிச் சிரித்தார். அந்தக் கோபத்தை எழுதினால் வெறும் வசவாக நிற்கிறது.

அது கோபம்தானா என்று முதலில் பாருங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரிக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு (முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்வது), வறுமை. இளிவு என்றால் பிறர் இகழ்ச்சியால் சிறுத்துப்போவது. அதைத் தொல்காப்பியர் இழவுக்கும் முன்னால் வைத்திருக்கிறார், கவனியுங்கள்! உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். மேலாளரைத் திட்டும் பகுதியை எடுத்துவிட்டு, அவர் சிரித்தபோது உங்கள் கை எதைப் பிடித்திருந்தது என்று எழுதுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: வீட்டார் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்களே?

ஊர், தொழில், வயதை மாற்றுங்கள். அண்ணன் அத்தையாகலாம். உணர்ச்சி கெடாது.

பெயர் வேண்டாம் என்றவர்: 2004 சுனாமியில் தங்கச்சியை இழந்தேன். எழுதத் தொடங்கினால் இரண்டு நாள் தூக்கம் போகிறது. எழுதித்தான் ஆகவேண்டுமா அக்கா?

வேண்டாம்மா. அதை எழுதித் தரவேண்டும் என்று நீங்கள் யாருக்கும் கடன்படவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள், தங்கள் வேதனையை எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. அதனால் உங்கள் கலக்கம் பலவீனமில்லை. ஆனால் தூக்கமே போகிறதென்றால் பேனாவை மூடிவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பிறகு மனம் வந்தால், சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தொடாதீர்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி நீங்களும் தங்கச்சியும் என்ன சாப்பிட்டீர்கள், யார் பரிமாறினார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கொண்டுவந்தால் நான் படிக்கிறேன்.